அறுபதுக்குக் கீழே

ஆறு பிரேம் கொண்ட ஒரு நெகட்டிவ் துண்டு சில மாதங்களாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கவருக்குள் போட்டுப் பழைய பெட்டியில் திருப்பி வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். நான்காவது பிரேம். 1991ஆம் ஆண்டு, திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், விடிவதற்கு முன்னால் நடந்த முகூர்த்தம். மணமக்களின் முகங்கள் நெகட்டிவில் அடர்ந்து கறுத்திருக்கின்றன; அவ்வளவு வெளிச்சம் வாங்கியிருக்கின்றன. மாலையின் இதழ் இதழாகத் தெரிகிறது. பெண்ணின் மூக்குத்தியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் ஊசிமுனை அளவுக்குப் பதிந்திருக்கிறது. அவர்களுக்குப் பின்னால், வலப்பக்கத்து மேல் மூலையில், ஒன்றுமே இல்லை. பிரிண்டில் அந்த இடம் மைக்கறுப்பு. நெகட்டிவிலோ ஒன்றுமில்லாத இடம் தெளிந்துபோய்விடும், ஆரஞ்சு நிறக் கண்ணாடி மாதிரி. அதன் வழியாக, பின்னால் பிடித்திருக்கும் என் கட்டைவிரலின் ரேகைகளை எண்ணலாம். லென்ஸை வைத்து இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால், அந்தத் தெளிவுக்கு நடுவே கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல நகத்தளவு மங்கல் ஒன்று இருக்கிறது. அது ஒரு வெள்ளைச் சேலை. அதற்கு மேலே ஒரு முகம் இருந்திருக்க வேண்டும்.

படத்தைக் கொண்டுவந்தவள் அந்த மணமகளின் மகள். ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுத்ததில் பின்பக்கம் காய்ந்த பசையும் அட்டையின் நாரும் ஒட்டியிருந்தன. "மாமா, எங்க ஆச்சி இந்தப் பந்தக்கால் பக்கத்துலதான் நின்னாளாம். தாலி கெட்டும்போது அங்கன நின்னுதான் பாத்தாளாம். அம்மா சொல்லுதா. ஆச்சிக்கு வேற படமே கெடையாது. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெளிச்சம் கூட்டுனா தெரியாதா?" என்று கேட்டாள். பிரிண்டில் வராது, நெகட்டிவ் அகப்பட்டால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். நான் வேலை கற்ற ஸ்டூடியோ மூடப்பட்டபோது நெகட்டிவ் பெட்டிகள் என்னிடம்தான் வந்திருந்தன. தேடியதில் அகப்பட்டது. ஸ்கேன் செய்து அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி, நிழலை ஏற்றிக்கொண்டே போனேன். ஏற்ற ஏற்ற ஃபிலிமின் மணல்தான் பெரிது பெரிதாகக் கிளம்பி வந்தது. சேலையின் மங்கல் கொஞ்சம் அகன்றது. முகம் வரவில்லை. பதிந்திருந்தால்தானே வருவதற்கு. போனில் சொன்னேன். "சரி மாமா, பரவால்ல" என்றாள். அவள் கோபப்பட்டிருக்கலாம். என்னைக் கேள்வி கேட்டிருக்கலாம். அவளுக்குக் கேட்கத் தெரியாத கேள்வியைத்தான் நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நான் அவள் ஆச்சியைப் பார்த்தேன். எனக்கு அப்போது 22 வயது. மணவறைக்கு எதிரே ஒரு மர ஸ்டூலின்மேல் நின்றுகொண்டிருந்தேன். பந்தலின் கடைசிக் காலில் ஒரு பெட்ரோமாக்ஸ் தொங்கியது. அதைச் சுற்றி ஈசல். அதன் கீழே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவர் நின்றார். பெண்ணைப் பெற்ற தாய். புருஷனை இழந்தவர் என்பதால் மணவறைப் பக்கம் வரவில்லை. தாய் செய்ய வேண்டிய சடங்குகளைப் பெண்ணின் பெரியம்மா செய்தார். தள்ளி நில்லென்று அவரிடம் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எவ்வளவு தூரம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது மணமக்களின் தலைக்கு மேலே, அந்த மூலையில், அவர் வந்தார். ஆளை நகரச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முகூர்த்தப் படத்தில் வெள்ளைச் சேலை விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். பிறகு ஸ்டூடியோ முதலாளி சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: "பின்னால எவன் நின்னாலும் கவலப்படாத, ஃபிளாஷ் அங்க எட்டாது." ஆமாம், எட்டாது. நகரச் சொல்லத் தேவையில்லை. கெட்டிமேளம் கொட்டியது, பெண்கள் குலவையிட்டார்கள், நான் பட்டனை அமுக்கினேன். என்னைக் குடைவது இந்த இடம்தான். தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. என் கேமராவின் அமைப்பு அவரை அழித்துவிடும் என்று தெரிந்து, அது வசதி என்று நினைத்தேன்.

அந்த அமைப்பு என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். பென்டாக்ஸ் கே1000 கேமரா, 100 வேக ஃபிலிம், லென்ஸின் துளை எஃப் 8, ஷட்டர் 1/60 நொடி. ஆண்டுக்கணக்கில் அதே எண்கள். கேமராவின் வேகச் சக்கரத்தில் 60க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எக்ஸ் குறி இருக்கும். ஃபிளாஷ் என்றால் எக்ஸ், எக்ஸ் என்றால் 60. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது இதுதான். அதற்கொரு பயமும் கூடவே ஊட்டப்படும். கேமராவுக்குள் இரண்டு துணித் திரைகள் உண்டு. முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே ஓடி மூடும். 1/60வரைக்கும் இரண்டுக்கும் நடுவே ஃபிலிம் முழுவதும் திறந்து கிடக்கும் ஒரு நேரம் இருக்கிறது. ஃபிளாஷ் அந்த நேரத்தில் அடித்தாக வேண்டும். வேகத்தை 125க்குத் தள்ளினால் முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது திரை கிளம்பிவிடும். பிரேமில் ஒரு பாதிதான் வெளிச்சத்தைப் பார்க்கும். பெண் இருப்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கறுப்புப் பட்டைக்குள் போயிருப்பார். ஒரு முகூர்த்தத்தை இப்படிப் பறிகொடுத்தவன் கதை எல்லா ஸ்டூடியோவிலும் உண்டு. அதனால் சக்கரத்தின்மேல் டேப் ஒட்டி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குறி சொல்வது ஒன்றே ஒன்று: இதற்கு மேலே போகாதே. கீழே 30 இருக்கிறது, 15 இருக்கிறது, 8 இருக்கிறது, 4 இருக்கிறது. அத்தனையிலும் ஃபிளாஷ் ஒழுங்காகப் பதியும். எல்லைக்கல் ஒன்று நட்டிருந்தார்கள். நாங்கள் அதையே வீடாகக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்துவிட்டோம்.

ஃபிளாஷ் அடித்து எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இது எனக்குப் புரியவே பல வருடம் பிடித்தது. நாம் கையில் கொண்டுபோகும் வெளிச்சம் ஒன்று. அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் இன்னொன்று. ஃபிளாஷ் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்து போய்விடுகிறது. ஷட்டர் 1/60 திறந்திருந்தாலும் 1/4 திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதைக் கூட்டிக் குறைப்பது லென்ஸின் துளையும் தூரமும். ஃபிளாஷின் முதுகில் ஒட்டியிருந்த அட்டவணை அதைத்தான் சொன்னது: இரண்டரை மீட்டருக்கு எஃப் 8, ஐந்து மீட்டருக்கு எஃப் 4. தூரத்தையும் துளையின் எண்ணையும் பெருக்கினால் எப்போதும் 20 வரும். பெட்ரோமாக்ஸ், குத்துவிளக்கு, கிழக்கே வெளுக்கத் தொடங்கும் வானம் இவையெல்லாம் வேறு வகை. இவற்றுக்கு அவசரம் இல்லை. ஷட்டர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறதோ அவ்வளவு வந்து சேரும். ஆகவே துளை என்பது என் வெளிச்சத்துக்கு நான் வைக்கும் அளவு. நேரம் என்பது அவர்களுடைய வெளிச்சத்துக்கு நான் கொடுக்கும் இடம். துளை இரண்டுக்கும் பொதுவான வாசல்தான். நேரம் மட்டும் முழுக்க அவர்களுக்கே உரியது. 1/60 கொடுத்தபோது அந்த வீட்டின் விளக்குகளுக்கு நான் அநேகமாக எதையும் கொடுக்கவில்லை. மணமக்கள் இரண்டரை மீட்டரில் இருந்தார்கள். அந்தத் தாய் பத்து மீட்டரில். தூரம் நான்கு மடங்கானால் ஃபிளாஷின் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். கேமராக் கணக்கில் நான்கு ஸ்டாப். அவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் வெள்ளைத் துணி கொஞ்சம் திருப்பி அனுப்பும். கறுத்த முகம் அனுப்பாது. அதனால்தான் அந்த நெகட்டிவில் கைம்பெண்ணின் சேலை தப்பியது, அவர் முகம் தப்பவில்லை. அவரை ஊர் எதனால் அடையாளம் கண்டதோ அது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வெளியிலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுபோகிறவனின் கதை எங்கள் ஊர் ஸ்டூடியோவில் தொடங்கியதில்லை. 1887இல் ஜெர்மனியில் மீத்தே, கெய்டிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த ஃபிளாஷ் பொடியைக் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த ஜேக்கப் ரீஸ், நியூயார்க்கில் ஏழைகள் அடைந்து கிடந்த குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்தார். முதலில் துப்பாக்கி போன்ற கருவியில் வைத்துப் பொடியைச் சுட்டார். சனங்கள் மிரண்டார்கள். பிறகு வாணலியில் போட்டுக் கொளுத்தினார். இரண்டு முறை வீட்டுக்குத் தீ வைத்ததாகவும் ஒருமுறை தன்மேலேயே பற்றிக்கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1890இல் புத்தகமாக வந்த அந்தப் படங்கள் நகரத்தின் மனசாட்சியை அசைத்தன, சட்டங்கள் மாறின. அதை நான் மதிக்கிறேன். என்றாலும் அந்தப் படங்களில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டுக் கூசி நிற்கும் கண்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த அறைக்கென்று இருந்த விளக்கு எந்த வெளிச்சத்தில் எரிந்தது என்ற கேள்வி வருகிறது. பின்னாளில் அதே நகரத்தில் கொலையும் விபத்துமாக இரவெல்லாம் படமெடுத்த வீஜீ, பத்து அடி தூரம், எஃப் 16, 1/200 என்று கேமராவை முன்கூட்டியே அமைத்து வைத்திருப்பாராம். அவர் படங்களில் ஃபிளாஷ் பல்புக்கு அப்பால் நகரமே கிடையாது, கரிய இரவுதான். அந்தக் கருமை அவருக்கு ஒரு மொழியாயிற்று. ஆளுக்கொரு மாறாத அளவைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் நாங்களும் இரவுக்குள் போனோம். அவர் இருட்டைச் சொல்வதற்காக இருட்டை வைத்தார். நாங்கள் விளக்கேற்றிய வீட்டை இருட்டாக்கினோம்.

பின்னால் இருட்டாகப் போனது முன்னால் இருந்த முகத்தையும் சும்மா விடவில்லை. ரோலைக் கலர் லேபுக்கு அனுப்புவோம். பிரிண்ட் போடும் இயந்திரம் ஒரு படத்தின் மொத்த வெளிச்சத்தையும் சராசரி பார்த்து, அது நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வர வேண்டும் என்று கணக்குப் போடும். படத்தில் முக்கால்வாசி கறுப்பாக இருந்தால் அது குறையென்று நினைத்துப் பிரிண்டை வெளுக்க வைக்கும். கறுப்பு அசையாது, முகம்தான் வெளுக்கும். மஞ்சள் பூசி, எண்ணெய் மினுங்கி, வேர்வை அரும்பிய ஒரு கருங்கறுப்பான அழகிய முகம், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரித் திரும்பி வரும். லேபில் ஆள் பார்த்துத் திருத்தியிருக்க முடியும். யாரும் திருத்தச் சொல்லவில்லை. "பொண்ணு என்ன கலரா விழுந்திருக்கா!" என்று வீட்டார் மகிழ்ந்தார்கள், முதலாளிக்கு அடுத்த கல்யாணம் கிடைத்தது. நாளடைவில் நாங்களே அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி அடிக்கத் தொடங்கினோம். அந்த ஆல்பங்களை இப்போது புரட்டினால், எங்கள் பக்கத்துச் சனங்களின் நிறம் அவற்றில் எங்குமே இல்லை. செம்மண் கலந்த கறுப்பு, கருப்பட்டிக் கறுப்பு, வெயிலில் காய்ந்து கழுத்தில் மட்டும் வெளிறிய கறுப்பு என்று எத்தனை விதம் எங்கள் கண்முன் உட்கார்ந்திருந்தது! பின்னால் இருந்தவர்களை இருட்டுக்கும் முன்னால் இருந்தவர்களை வெள்ளைக்கும் கொடுத்துவிட்டு, நடுவில் மாலைகளையும் ஜரிகையையும் காப்பாற்றினோம். ஒரே அமைப்பு இரண்டையும் செய்தது.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போதே என்னை நானே மறித்துக் கேட்கிறேன். 1/8 வைத்திருந்தால் அந்தப் படம் நின்றிருக்குமா? ஸ்டூலின்மேல் கையில் பிடித்த கேமரா, கை நடுங்கும். ஃபிளாஷ் பட்ட மணமக்கள் கூர்மையாக விழுவார்கள், ஆனால் அவர்களின் ஓரத்தில் விளக்கு வெளிச்சத்தால் இன்னொரு மங்கலான கோடு ஓடும். அட்சதை போடும் கைகள் இழுபட்டுப் போகும். குத்துவிளக்கின் சுடர் சிறு கம்பியாக நீளும். லேபில் அதைப் பார்த்து 'ஷேக்' என்று ஒதுக்கியிருப்பார்கள், முதலாளி என் சம்பளத்தில் கை வைத்திருப்பார், அந்த வீட்டார் ஆல்பத்தில் ஒட்டியிருக்க மாட்டார்கள். ஒரு ரோலுக்கு 36 படம். என்ன விழுந்தது என்று மறுநாள் வரை தெரியாது. தாலி ஒருமுறைதான் கட்டப்படும். அந்த நிலையில் எஃப் 8, 1/60 என்பது சோறு போட்ட எண். அதைக் கற்றுக்கொடுத்தவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் கண் என்ற ஒன்று இருக்கிறதே. இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடமாகும். அந்தப் பந்தலில் இருந்தவர்கள் எல்லாருக்கும் நடுச்சாமத்திலிருந்தே கண் பழகியிருந்தது. பந்தக்காலடியில் நின்றவரை எல்லாரும் பார்த்தார்கள். பெண்ணும் நிமிர்ந்து ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தாள். என் ஃபிளாஷ் அடித்த பிறகு எனக்கு மட்டும்தான் அந்த இடம் பச்சையும் ஊதாவுமாக மிதந்தது. கேபாசிட்டர் மறுபடி நிரம்பும் கிரீச்சொலி காதோரம் கேட்க, ஆரஞ்சு விளக்கு எரியக் காத்திருந்த நேரத்தில் அங்கே திரும்பினேன். யாரும் தெரியவில்லை. அவர் போய்விட்டாரா, என் கண்தான் போய்விட்டதா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் இந்தச் சிரமம் இல்லை. கேமராவின் ஒளியுணர்வு வேகத்தை 6400க்கு ஏற்றி விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்துவிடலாம், அந்தக் கணமே பார்த்துத் திருத்தலாம். ஆனாலும் கல்யாண மேடைகளில் எல்.இ.டி. விளக்குகளை நாலு பக்கமும் நிறுத்தி, பின்னணியைத் துளையால் கரைத்து, நடுவில் இரண்டு பேரை மட்டும் மிதக்கவிடுகிறார்கள். கறுப்பாக்கியது போய்ப் பாலாடையாக்குவது வந்திருக்கிறது. என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். மண்டபத்துக்குள் போனதும் ஃபிளாஷை மாட்டாதே. முதலில் அதிக இருட்டான மூலைக்குப் போ, அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார், அவர்கள் முகத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று மீட்டரில் அளந்துகொள். அந்த நேரத்தை வை. அதில் ஒரு ஸ்டாப் குறைந்தாலும் குற்றமில்லை, இருட்டு இருட்டாகத் தெரியட்டும், ஆள் தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு உன் வெளிச்சத்தை அதற்குள் அளவாகச் சேர். வரிசை முக்கியம். முதலில் அவர்களுடையது, அப்புறம் நம்முடையது.

சென்ற மாதம் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் பழைய பெட்ரோமாக்ஸ் ஒன்றை வாங்கிவந்து, மேன்டில் மாட்டி, பம்ப் அடித்து, வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். அதே கே1000. 100 வேக ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது. விளக்கடியில் மீட்டரைப் பிடித்தால் எஃப் 4க்கு 1/8 காட்டியது. துளையை எஃப் 4க்குத் திறந்தால் முன்னால் இருப்பவர்மேல் ஃபிளாஷ் இரண்டு ஸ்டாப் அதிகமாக விழும்; அதன் முகத்தில் ஒரு கைக்குட்டையை மடித்துக் கட்டினால் அது ஏறக்குறைய சரியாகிவிடும். கைக்குட்டை அன்றும் என் பையில் இருந்தது. பத்து மீட்டரை அளந்து கோடு போட்டேன். அங்கே நிற்க ஆள் வேண்டும். "நான் நிக்கேன், எந்தச் சேல கெட்டணும்?" என்று மனைவி கேட்டாள். வெள்ளை என்று சொல்ல வேண்டும். சோதனைக்கு அதுதான் தேவை. வார்த்தை தொண்டைக்கு வந்தது, வெளியே வரவில்லை. "வேண்டாம், எனக்கு வெளிச்சம் எங்க விழுதுன்னு பாக்கணும், நான் நிக்கேன், நீ அமுக்கு" என்று பொய் சொன்னேன். வெள்ளை வேட்டியைத் தோளோடு போர்த்திக்கொண்டு நான் போய் விளக்கடியில் நின்றேன். நெகட்டிவ் கழுவி வந்திருக்கிறது. எஃப் 8, 1/60இல் எடுத்த பிரேமில் நகத்தளவு மங்கல், 1991இல் இருந்த மாதிரியே. எஃப் 4, 1/8இல் முகம் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் நடுங்கி, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, பார்த்தவர் யார் என்று சொல்லிவிடும் அளவுக்கு இருக்கிறது. கேமராவில் எந்த எண்ணை எங்கே வைத்திருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல இன்னும் போனை எடுக்கவில்லை. அன்று அவள் ஆச்சியைப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தியது எதுவோ, அதுதான் அன்று கொல்லையில் என் தொண்டையிலும் நின்றது.